ஓட முடியாதவங்க என்ன பண்றதுங்க மேடம்?

நேற்று மேட்டூரில், ஒரு மாணவியின் வீட்டு ஜன்னலுக்குக் கயிறு கட்டினோம்!

(இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் வேலையில் இதுவும் சேர்த்தி.)

நான் எடுப்பது சுற்றுச்சூழல் பாடம். பிள்ளைகள் நிம்மதியாக செல்போன் நோண்டும் பீரியட்!

போன வாரம் வகுப்பில் கேட்டேன்: "கெமிக்கல் கம்பெனில கேஸ் லீக் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"காத்துக்குக் குறுக்கால ஓடிருவோம் மேடம்!" ஒரே கோரஸ்.

சுதா மட்டும் எழுந்தாள். "ஓட முடியாதவங்க என்ன பண்றதுங்க மேடம்?"

அவள் அப்பா மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர். அம்மா பக்கவாதம் வந்து கட்டிலோடு இருக்கிறார். இடது கை மட்டும்தான் வேலை செய்யும்.

"நான் காலேஜ் வந்துட்டா அம்மா தனியாத்தானுங்க இருப்பாங்க."

பாடப்புத்தகத்தைப் புரட்டினேன்.

அறையை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. யார் அடைப்பது என்று சொல்லவில்லை!

அதையே பிராஜெக்ட்டாக எடுத்தோம். நேற்று நாலைந்து பேர் சுதா வீட்டுக்குப் போனோம்.

அவள் அம்மாவுக்கு முதலில் பயம். "ஏனுங்க டீச்சர், இதனால அவரு வேலைக்கு ஏதாச்சும் வந்துருமுங்களா?"

"வராதுங்க. இது உங்க ஊட்டு ஜன்னல், அவ்வளவுதான்" என்றேன். (என் வாயிலும் 'ஊடு' வந்துவிட்டது!)

பையன்கள் கதவிடுக்கிலும் ஜன்னல் ஓரங்களிலும் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். ஜன்னலில் கப்பி வைத்துக் கயிற்றைக் கட்டில்வரை இழுத்தார்கள். வெளிக்காற்று உள்ளே வராதபடி ஃபேனை உடனே அணைக்க, சுவிட்சையும் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள்.

அம்மா இடது கையால் கயிற்றை இழுத்தார். முதல்முறை பாதியில் நின்றது. கப்பியை நகர்த்தினோம்.

மறுபடி இழுத்தார். 'டப்'பென்று சாத்திக்கொண்டது!

"இன்னொருக்கா, சாமி, திறந்து வுடு" என்றார் மகளிடம். திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார், சிரித்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். கப்பியையும் கயிற்றையும் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சைரன் டெஸ்ட்டுக்கு அடிச்சாக்கூட எனக்கு இவ நெனப்புதானுங்க. பயந்துருவாளேன்னு ஊட்ல ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்குந்தான் சைரன் கேக்குது! நீங்க பயந்துருவீங்கன்னு நானும் சொல்லல."