எட்டு ஜிபி கார்டும் ரஹீமாவின் பிடிவாதமும்

பெட்ஷீட்டில் சுற்றிய சிபியு

தக்கலையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இது உண்டா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரஹீமாவும் அப்படித்தான் வந்தாள். கூடவே தன் சிபியுவையும் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள்.

தேங்காப்பட்டணத்துக்காரி. கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் 3டி படங்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுப்பவள். கம்ப்யூட்டரையும் வீடியோ பார்த்துத் தானே மாட்டியிருந்தாள். மார்த்தாண்டத்து இஞ்சினியர் ஒருவர் அவளுக்கு வேலை கொடுத்துவந்தார். இப்போது படம் போதாது, வாக்த்ரூ வேண்டும் என்கிறார். அதாவது வாசலில் நுழைந்து அறை அறையாக நடப்பதுபோல் வீட்டைத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ரஹீமாவின் மெஷினில் தனியாகக் கார்டு கிடையாது. ஹாலைத் தாண்டுவதற்குள் படம் உறைந்துவிடுகிறது.

"வாற ஞாயித்துக்கிழம வீடு கட்டுதவரு துபாயில இருந்து வீடியோ கால்ல வருவாராம். 'உனக்கு முடியாதுன்னா சொல்லிரு, திருவனந்தபுரத்துல ஒரு டீம் உண்டு'ன்னு இஞ்சினியர் பறஞ்சாரு. முடியும்னு சொல்லிட்டேன் அக்கா."

போனில் இருந்த கார்டு அவள் கணவரின் நண்பர் அனுப்பியது. மூன்று ஃபேன், கலர் கலராக லைட்டு. டேப்பை எடுத்து அவள் சிபியுவின் கேபினெட்டை அளந்து காட்டினேன்.

"இது உள்ளயே போவாது மக்கா. போனாலும் கரண்டு குடுக்க உனக்க எஸ்எம்பிஎஸ் தாங்காது. அதையும் கேபினெட்டையும் மாத்தணும். அவ்வளவுக்கு உண்டா?"

"இல்ல. உள்ளது எனக்கச் சம்பாத்தியம் மட்டும்தான். மாப்பிள்ளைக்கு கல்ஃபுல ஓவர்டைம நிறுத்தியாச்சு. அவருகிட்ட கேக்க மாட்டேன்."

"அப்போ லைட்ட விடு. உனக்க வேலைக்கு மெமரிதான் முக்கியம்."

வாக்த்ரூ ஓடும்போது வீடு முழுவதும், சுவர், டைல்ஸ், மரம், சோபா எல்லாம் கார்டின் மெமரிக்குள் வந்து உட்கார வேண்டும். இடம் போதவில்லை என்றால் கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பிரயோசனமில்லை. ஒரு தலைமுறை பழைய மாடலானாலும் எட்டு ஜிபி உள்ளதைப் பார்க்கலாம் என்றேன். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று அன்றே நல்லதாக ஒன்று மாட்டினேன்.

ஒரே பெயர், ரெண்டு கார்டு

நாகர்கோவில் ஹோல்சேல்காரரிடம் சொன்னேன். மறுநாள் கார்டு வந்தது. மாடல் பெயர் சரி. அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பார்த்தால் நாலு ஜிபி. ஒரே பெயரில் இரண்டு விதமாகவும் விற்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது.

போன் போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. கேம் எல்லாம் சூப்பரா ஓடும்" என்றார்.

ரஹீமா பக்கத்தில்தான் இருந்தாள். "போட்டுப் பாப்போம் அக்கா" என்று பென் டிரைவை நீட்டினாள். துபாய்க்காரரின் முழு வீடும் அதில் இருந்தது. ஓட்டினோம். வாசல், ஹால், மாடிப்படி எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாடி ஏறியதும் மெமரி போதவில்லை என்று எழுத்து வந்து, சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது.

"படிவரைக்கும் கொள்ளாம், நல்லா போவுது" என்றாள். கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதே மாடலில் எட்டு ஜிபிக்கு ஹோல்சேல்காரர் சொன்ன விலைக்கு அவளிடம் இருந்தது எட்டவில்லை. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கேமிங் சென்டரில் ஒரு பகல்

குழித்துறையில் ஒரு கேமிங் சென்டரை மூடுகிறார்கள், எட்டு ஜிபி கார்டுகளை விற்கிறார்கள் என்று தகவல் வந்தது. பழைய கார்டு என்றால் எனக்குப் பயம்தான். வாரன்டி கிடையாது, எத்தனை காலம் சூட்டில் வெந்தது என்றும் தெரியாது. ரஹீமாவிடம் அதை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்போ நல்லா சோதிச்சு எடுப்போம்" என்றாள். அவள் சிபியுவையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம்.

சென்டர்காரர் ஒரு கார்டை மாட்டி, திரை வந்ததும், "ஆன் ஆயாச்சுல்லா? கொண்டு போங்கோ" என்றார்.

"ஆன் ஆனா போதாது அண்ணே, எனக்க வீடு ஓடணும்" என்று ரஹீமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கார்டில் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பச்சைக் கோடு. கழற்றினேன். அடுத்ததில் சூடு ஏறிக்கொண்டே போயிற்று, ஃபேன் அரிசி மில்லைப்போல் இரைந்தது. அதற்குள் வேறு ஒருவர் வந்துவிட்டார். சென்டர்காரருக்குப் பொறுமை போயிற்று.

"ஆளு காத்து நிக்குது. எடுக்கியளா இல்லியா?"

"அவரு எடுத்துட்டுப் போட்டும். மிச்சம் உள்ளத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரஹீமா.

வந்தவர் இருப்பதிலேயே பளபளப்பான கார்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது தூசி படிந்த, ஒற்றை ஃபேன் கார்டு ஒன்றுதான். துடைத்து மாட்டினேன். வாசல், ஹால், மாடிப்படி, மாடி என்று வீடு ஓடியது. நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். சூடு ஒரு அளவோடு நின்றது. சென்டர்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் நின்று பார்த்தார்.

"கேக்கட்டா, இது யாருக்க வீடு?"

"இன்னும் கட்டல அண்ணே" என்றாள்.

சாயங்கால வெயில்

அந்தக் கார்டையே வாங்கினோம். ஞாயிறன்று அவள் சிபியுவுக்குக் கேபிள் மாட்டுவதற்காக என்னையும் இஞ்சினியர் ஆபீசுக்கு அழைத்திருந்தாள். துபாய்க்காரரும் மனைவியும் அழைப்பில் வந்தார்கள். ரஹீமா வீட்டைச் சுற்றிக் காட்டினாள். எல்லாம் நல்லபடி முடிகிற நேரத்தில் அந்த அம்மா கேட்டார்:

"சாயங்காலம் அடுக்களையில வெயில் அடிக்குமா?"

"அதெல்லாம் பிறகு பாக்கலாம்" என்றார் இஞ்சினியர்.

"இப்பவே பாக்கலாம் சார்" என்று ரஹீமா சாஃப்ட்வேரில் நேரத்தை மாலைக்குத் தள்ளினாள். எங்கள் கண்முன்னே சூரியன் மேற்கே இறங்கியது. ஜன்னல் வழியாக வெயில் வந்து நேராக அடுப்பின்மேல் விழுந்தது.

"அந்த வெயில்லதான் நான் நிக்கணும்" என்றார் அந்த அம்மா.

அடுக்களையைக் கிழக்குப் பக்கம் மாற்ற முடிவாயிற்று. பிளானைத் திரும்ப வரைய வேண்டுமே என்று இஞ்சினியரின் முகம் கறுத்தது. ஆனால் அழைப்பு முடிந்ததும் அவரே சொன்னார்: "கல்லு போடுதுக்கு முன்ன தெரிஞ்சது நல்லதாப் போச்சு. அடுத்த ரெண்டு வீட்டுக்க ஃபைலையும் அனுப்புதேன், ரஹீமா. நீயே செஞ்சிரு."

திரும்பும் பஸ்ஸில் ரஹீமா சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிபியுவை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கார்டு கேட்டு வருகிறவரிடம் எவ்வளவுக்கு வேண்டும் என்று முதலில் கேட்காதீர்கள். என்ன வேலை என்று கேளுங்கள். அந்த வேலையையே கொண்டுவரச் சொல்லி, கார்டில் ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் காசு போக வேண்டும். மற்றதையெல்லாம் துணிந்து விட்டுவிடலாம்.