கஸ்தூரி அக்கா கட்டிய இருநூறு ரூபாய் அபராதம்

பீடிக்கட்டைப் பிரித்ததும் ஒரு வாசம் வரும் பாருங்கள்... காய்ந்த இலையும் காரமும் கலந்த வாசம். பத்து வயதில் தினமும் அது என் கையில் இருக்கும்.

பயப்படாதீர்கள், நான் பிடித்ததில்லை. வாங்கி வருவதுதான் என் வேலை.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறி. அப்பா தறிக்குழியில் காலை இறக்கினால் ஒரு முழம் நெய்யாமல் எழ மாட்டார். டீ குடிக்க எழும்போது பீடி தயாராக இருக்க வேண்டும். பழைய கட்டின் லேபிளை என் கையில் திணித்து, "ஜல்தி வாங்கினு வாம்மா" என்பார். எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். லேபிளை நீட்டினால் போதும், கஸ்தூரி அக்கா கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். தெருவுக்கு இருந்த ஒரே கடை அவருடையது. கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளை அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்தார்.

கடையில் ஒரு போர்டு தொங்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று. அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேதான் நான் பீடி வாங்குவேன்!

ஒருநாள் கட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால்... பின்னால் சுகாதாரத் துறை அதிகாரிகள் இரண்டு பேர்.

"யாருக்கும்மா இது?"

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்துவிட்டேன்.

"எனக்குத்தான் சார்" என்றேன்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், அவங்கப்பாவுக்கு வாங்கினு போவுது சார். தெரிஞ்ச பொண்ணு!"

"யாருக்கா இருந்தா என்னம்மா? வாங்குனது சின்னப் பொண்ணுதானே? சட்டம் அதைத்தான் பாக்கும்."

இருநூறு ரூபாய் அபராதம். கல்லாவில் இருந்த சில்லறையை எல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு அக்கா ரசீதை வாங்கிக்கொண்டார். என்னால்தான் எல்லாம் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா பாதியில் நெசவை விட்டுக் குழியிலிருந்து ஏறினார். செருப்புகூடப் போடவில்லை. கடை முன்னால் போய் நின்று, "என்னாலதாம்மா உனக்கு இந்தப் பேஜாரு" என்று இருநூறை நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. "துட்டு வேணாண்ணே. இனிமே பீடி வேணும்னா நீங்களே வாங்க. பாப்பா வந்தா முட்டாயிதான் குடுப்பேன்."

அதன்பிறகு அப்பா முணுமுணுத்துக்கொண்டாவது தானே போனார். தெருவில் எந்தப் பிள்ளைக்கும் அக்கா பீடி தராததால் மற்றவர்களும் தாங்களே போனார்கள். வேறு கடை ஏது?

இப்போது சேவூர் ரோட்டில் நானே சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் வந்து சிகரெட் கேட்டான். தர மாட்டேன் என்றதும் போனை நீட்டினான். வீடியோ காலில் அவன் அப்பா.

"எனக்குத்தாங்க, குடுத்து அனுப்புங்க."

"நீங்களே வாங்க சார். இப்பல்லாம் ஏழு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன்னு சட்டம் இருக்குது."

"யாருங்க வந்து பாக்கப் போறாங்க? எதிர்க்கடையில குடுப்பாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

கொடுத்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, வருத்தமாகவும் இருந்தது. அன்று ஒரு கடை மாட்டேன் என்றதும் தெருவே கேட்டது. இன்று இந்த ரோட்டில் மட்டும் ஐந்து கடை.

அந்தப் பையன் தினமும் எதிர்க்கடைக்குப் போய்விட்டு என் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான். கையை மட்டும் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்க மாட்டான்.