ராணி குளித்த சுனை

நேற்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒரு தம்பி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "ணா, ஜவ்வாது மலையில ராணி குளிச்ச சுனைக்கு எப்டிணா போறது?"

எனக்குப் புரையேறிவிட்டது. எழுத்துக்கூட்டத் தெரியாத நான் வாய்க்கு வந்தபடி வைத்த பேர், போனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பேரை வைத்தபோது நான் வேன் ஓட்ட ஆரம்பித்த புதிது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், "பக்கத்துல பாக்க என்னா இருக்கு?" என்பார்கள். போளூர் தாண்டி மலையேற்றிவிடுவேன். மூன்றாவது வளைவில் ஒருவர் வாந்தியெடுப்பார். ஏழாவதில் வேனே எடுக்கும். மேலே போய்க் கதவைத் திறந்தால் பலாப்பழ வாசனை. இன்றைக்கும் பலாச்சுளையைப் பார்த்தால் எனக்கு அந்த வாந்தியும் சேர்த்துத்தான் ஞாபகம் வரும். கீழே ஏரிகள் தகரத் துண்டுகளாய் மின்னும். சாமைக் கொல்லை முடிகிற இடத்தில், பாறைக்கு அடியில் அந்தச் சுனை. அந்தக் கொல்லைக்காரர் வெள்ளையன் வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர்.

அவர் யாரையும் தடுக்கமாட்டார். "செருப்ப அங்கியே வுட்டுட்டு வாங்க. கையால அள்ளிக் குடிங்க. கால வுட்றாதீங்க" என்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு அம்மா சுனையின் பேர் கேட்டார். தெரியாது என்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஆரணி ராணி இங்கதாம்மா குளிக்கும். பட்டுச் சேலைய இந்தப் பாறையிலதான் காயப்போடும்."

நனைந்த பட்டுச் சேலையை வெயிலில் பாறைமேல் போட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வேனில் வந்தவர்களோ அதை நம்பி போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளையன்கூடச் சிரித்தார். "எங்க ஆட்டையே இதுல எறங்க வுடமாட்டோம், ராணிய எறக்கிட்டியே டைவரு!"

ராணி குளித்த இடமென்றால் மற்றவர்கள் சும்மா போவார்களா? வண்டி வண்டியாக வந்து, செருப்போடு இறங்கிக் குளித்தார்கள். வெள்ளையன் வீட்டுச் சோறு சோப்பு நாற்றம் அடித்தது.

"நீ வெச்ச பேருதான? நீயே எடுத்துடு டைவரு" என்றார். சிரிக்கவில்லை.

போனிலிருந்து அந்தப் பேரை அழிக்க முடியுமா என்று செல்போன் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரப் பையன் தட்டித் தட்டிப் பார்த்தான். "ஊரே போட்டோ போட்டுகினு இருக்குதுணா. யாரு போன்லனு போயி அழிக்கிறது?"

நேற்று அந்தத் தம்பியிடம் உண்மையையே சொன்னேன். "ராணியும் இல்ல, கீணியும் இல்லப்பா. நான் வுட்ட டூப்பு அது. போவாத."

"செம காமெடிணா நீ!" என்று பைக்கை முறுக்கினான். பிழைப்பு முழுக்கச் சிரிக்கவைத்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்போதெல்லாம் மலையேறும்போது வெள்ளையன் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் கேன் ஏற்றிப்போகிறேன். வேன் சத்தம் கேட்டதும் வருவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேனைக் கையில் வாங்குவார்.