ஓடுபாதையில் மெழுகுவர்த்தி

சாப்பிடும்போது என் தம்பி ட்ரெவரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டால், வானத்தில் ஏதோ போகிறது என்று பொருள். புக்கிட் செந்தோசாவில் அவன் வீட்டுக் கூரைக்கு மேல் விமானங்களுக்குக் குறைவில்லை. நிமிர்ந்து பார்க்க மாட்டான். சத்தம் தேயும்வரை காத்திருந்து, “பஸ்ஸு லா, ரெக்க வச்ச பஸ்ஸு,” என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டுவான். ஜெட் விமானங்கள் எல்லாமே அவனுக்குப் பஸ்தான்.

ரவாங்கில் பஸ்களுக்கு உடம்பு கட்டும் பட்டறையில் அவன் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடிக்கிறான். அடித்து முடித்த தகட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்து ஒருவரைத் தட்டச் சொல்வான். எந்த ரிவெட் தளர்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடுமாம். “காதவிட கை நல்லா கேக்கும்கா.” தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் கட்டிய பஸ் மழைக்கு ஒழுகியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம். அதற்கு ஒரு பக்கம் மூன்று வால் வைத்த கான்ஸ்டலேஷன் விமானத்தின் படம், மறுபக்கம் தண்ணீரில் இறங்கும் கேட்டலினா விமானத்தின் படம். இரண்டையும் துடைத்து வைப்பானே தவிர, உயிர் இரண்டு விசிறி இயந்திரம் வைத்த பழைய டகோட்டாமேல்தான். “நிக்கும்போதே மூக்கத் தூக்கி வானத்தப் பாக்கும்கா. என்னா அழகு!”

“என்னய ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல அண்ணி,” என்பாள் அவன் மனைவி முரியல்.

“நீ எங்கடி நிக்கிற? ஓடிக்கிட்டேல்ல இருக்க!”

நாங்கள் பிறந்த தோட்டம் கலும்பாங் பக்கம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. கல்லறைத் தோட்டமும், அதை ஒட்டிப் புல் மண்டிய பழைய ஓடுபாதையும்தான் மிச்சம். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் அங்கிருந்து மழைக்குள் ஏறிய டகோட்டா ஒன்று திரும்பவே இல்லை என்று அப்பா சொல்வார்.

கல்லறைத் திருநாளன்று அங்கே போய் எங்கள் ஆட்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வர ஆளில்லாத கல்லறைகளில் வைத்துவிட வேண்டும். ட்ரெவர் அவற்றை வாங்கிக்கொண்டு போய், ஓடுபாதையின் இரண்டு ஓரமும் வரிசையாக ஏற்றுவான். “அதுக்கும்தான் வர ஆளில்ல.” பொழுது சாயும்போது செம்பனை மரங்களுக்கு அப்பாலிருந்து இரண்டு இயந்திரங்களின் சத்தம் வருமாம். சிறுவயதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லையாம். எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டான். “வெளக்கு இல்லாம எப்படி லா எறங்கும்?” என்று கேட்பான்.

இந்த வருடம் அவன் காது மங்கிவிட்டது. பட்டறைச் சத்தம் தின்றுவிட்டது. கோலா குபு பாருவில் சோதித்த டாக்டரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டகோட்டா சத்தம் கேக்குமா டாக்டர்?” அந்த அம்மா சிரித்து, “அதெல்லாம் இப்ப எங்க பறக்குது?” என்றார். அவன் சிரிக்கவில்லை. காரில் வரும்போது, “புள்ளைங்க சத்தம் போட்டுப் பேசுவாங்கக்கா. அது எனக்காகச் சத்தம் போடுமா?” என்றான். அதனால்தான் இந்தத் தடவை நானும் அவனோடு ஓடுபாதைக்குப் போனேன்.

மெழுகுவர்த்திகளை ஏற்றி முடித்தான். டாக்டர் கொடுத்த காதுக் கருவியை, “இதுல வெறும் இரைச்சல்தான்,” என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நடுப்பாதையில் என் பக்கத்தில் வந்து நின்றான். செம்பனைகள் கறுத்தன. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்தேன்.

“கேக்குதாக்கா?”

இத்தனை வருடத்தில் சத்தம் வருவதாக அவன் சொல்லியிருக்கிறான், எங்களிடம் இப்படிக் கேள்வி கேட்டதே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். சில்வண்டுகள் ஓய்ந்திருந்தன. ஓலை ஒன்றும் அசையவில்லை. ஆனால் தூரக் கோடியிலிருந்து மெழுகுவர்த்திச் சுடர்கள் ஜோடி ஜோடியாக எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தன. அவற்றுக்குப் பின்னால், மிகத் தாழ, இரண்டு தொண்டைகள் ஒன்றாக உறுமுவதுபோல் ஒரு சத்தம்.  ஆம் என்று தலையசைத்தேன்.

ட்ரெவர் மண்டியிட்டான். பஸ் தகட்டில் வைப்பதுபோலவே உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தான். அதிர்வு கையில் ஏறியதுபோல் தலையை நிமிர்த்தினான். பிறகு அந்தக் கையை எடுக்காமலே, மற்றக் கையால் என் சேலையைப் பிடித்து, அது இறங்க வழிவிடச் சொல்வதுபோல் ஓரத்துப் பக்கமாக என்னை இழுத்தான்.