மூணு காப்பி

"மூணு காப்பி போட்டிரணும், மறந்துடாதீங்க" என்று கம்ப்யூட்டர் அறைக்காரர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காப்பி போடும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள் அது. கம்ப்யூட்டர் அறைக்கு மூன்று கப் கொண்டுபோனேன். உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார். என்னைப் பார்த்தார், கப்புகளைப் பார்த்தார். மூன்றையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றார். அவர் கேட்டது குடிக்கிற காப்பி இல்லை, நகல் எடுக்கிற காப்பி என்று பக்கத்து அறைப் பெண் சொல்ல ஒரு மாதமாயிற்று. அந்த மாதம் முழுக்க தினம் மூன்று குடித்திருக்கிறார்.

நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துவது அவர் வேலை. "கிளவுடுல வைக்கிறேன்" என்பார். மேகத்திலா என்று கேட்டேன்.

"மேகமெல்லாம் இல்லக்கா. தூரத்துல யாரோ வச்சிருக்கிற பெரிய கம்ப்யூட்டர். ஒருத்தரை மட்டும் நம்பி விட முடியுமா? அதான் மூணு எடம்."

அவர் வீட்டுச் சாவியும் மூன்று. சட்டைப்பையில் ஒன்று, அவர் அக்கா வீட்டில் ஒன்று, என் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஏதாவது ஒரு படத்தை எடுத்துத் திறந்து பார்ப்பார். "வச்சிருக்கேன்னு சொன்னா ஆச்சா? எடுத்தா வரணும்ல."

என் தங்கைக்குத் தலையில் கட்டி வந்தது. முன்பு இங்கேயே எடுத்திருந்த பழைய ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் டாக்டர். மறுநாள் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அந்தப் படம் கெட்டுக் கிடந்தது. கிளவுடின் முதல் இடத்திலும் அதே கெட்ட படம்தான் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது இடம் திறக்கவே இல்லை. நான் கதவோரம் நின்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மூன்றாவதைத் திறந்தார். தங்கையின் தலை வெள்ளையும் கறுப்புமாகத் திரையில் வந்தது.

"சாமி காப்பாத்திடுச்சு தம்பி. மூணு வேளையும் கும்பிட்டது வீண் போகல" என்றேன்.

"அப்ப நீங்களும் என் கட்சிதான். ஒரு வேளைய மட்டும் நம்பி விடல பாருங்க" என்று சிரித்தார்.

தங்கை இப்போது தானே தலை சீவிக்கொள்கிறாள்.

போன மாதம் அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனார். கடைசி நாள், டப்பாவுக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"அது அங்கயே இருக்கட்டும்க்கா. கும்பிடறப்ப என்னையும் சேத்துக்குங்க."

இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"மூணு வேளையும்."