மடக்குக் கத்தி பார்த்து வாங்கிய கதை

நல்ல மடக்குக் கத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாராவது கேட்டால், ஒரு நர்ஸுக்கு இது எதற்கு என்றுகூட யோசிக்காமல் கடகடவென்று சொல்லிவிடுவேன். விரித்து, அலகைப் பிடித்து இடமும் வலமுமாக அசைக்க வேண்டும்; ஆணி இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரியக் கூடாது. முதுகு தடிமனாக இருக்க வேண்டும். முழுதாக விரிந்ததும் 'டக்' என்று பூட்டு விழ வேண்டும், அதை விடுவிக்காமல் என்ன அழுத்தினாலும் மடங்கக் கூடாது. ஒன்பது வயதில், விருதுநகர் பஜாரில் ஒரு இரும்புக்கடையில் நின்று தெரிந்துகொண்டது இது.

அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு கத்தி இருந்தது. ஆணி லொடலொடத்துப் போன பழைய கத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக எனக்கு மாங்காய் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவர் நறுக்கிக்கொண்டிருந்தபோது அது சட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. நான்கு தையல். மாங்காயை யாரும் தின்னவில்லை. அந்தக் கட்டைப் பிரிக்கிற வரைக்கும் அப்பா இடதுகையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விருதுநகரில் ஒரு வத்தல் கடையில் வேலை பார்த்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத சரக்கு கிடையாது, குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நம்பினார். பரீட்சை லீவில் அவர் வீட்டுக்குப் போனபோது, அப்பாவுக்கு மடங்கவே மடங்காத மடக்குக் கத்தி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"மடங்கலேன்னா அத சட்டப்பையில எப்பிடிம்மா வைக்கிறது?" என்று சிரித்தார். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரப் பாய் ஏழெட்டுக் கத்திகளைத் துணியில் பரப்பினார். மாமா ஒவ்வொன்றையும் எடுத்து, ஆட்டி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். ஒன்றில் கத்தியோடு திருப்புளி, டப்பா திறப்பான், சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன.

"பாய், கத்தி கேட்டா டூல்ஸ் பெட்டியக் குடுக்கீக."

"வேணும்னா எடுங்க, வேண்டாம்னா வைங்க. பிள்ள என்ன சொல்லுது, அதக் கேளுங்க."

நான் கடைசியில் இருந்த ஒன்றைத் தொட்டேன். மரக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. முதுகு என் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தடிமன். மாமா அதிலும் குறை கண்டுபிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசிப் பரீட்சையாகச் சாணைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, முதுகை லேசாக அதில் வைத்தார். பொறி பூப்பூவாகச் சிதறியது. மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"எம்புட்டுப் பொறி பாத்தியா பாப்பா! மத்தாப்பு தோத்துச்சு போ. இதாண்டா எஃகு!"

அப்படித்தான் அந்தக் கத்தியை எடுத்தோம். லீவு முடிந்து மாமா என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று கொடுத்தோம், அப்பாவுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. நாலைந்து தடவை விரித்து மடக்கினார், என் பென்சிலைச் சீவித் தந்தார், தையல் போட்ட விரலால் பூட்டைத் தடவிப் பார்த்தார். மாமா பொறி பறந்த கதையைக் கையை ஆட்டிச் சொன்னபோது மட்டும் அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "நல்ல இரும்புதான். வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. தேடித்தேடி வாங்கியதை மனிதர் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மறுநாளும் அப்படியே. மறந்துவிடுகிறார் போல என்று முடிவுகட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டுப் பையில் டிபன் கேரியருக்கும் துண்டுக்கும் நடுவில் கத்தியைச் செருகினேன். மத்தியானம் பையைத் திறந்ததும் என்னை நினைத்துக்கொள்வார் என்று நாள் முழுக்கக் குதித்துக்கொண்டிருக்கத் தயாரானேன்.

பத்து மணிக்கெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அங்கே பொறி பறக்கிற இரும்பு எதற்கும் உள்ளே இடமில்லை. திரி வெட்டுகிற கத்தியே பித்தளையில்தான் இருக்கும். வாசலில் தினமும் எல்லோருடைய பையையும் சோதிப்பார்கள். தீப்பெட்டி, பீடி கூடாது என்பது எனக்கும் தெரியும். கத்தியில் நெருப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சாணைக்கல்லில் கண்ணால் பார்த்த பிறகும் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

"பையில அது எப்பிடி வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"நான்தான் மறந்தாப்புல வச்சிட்டேன். வாசல்லயும் அதத்தான் சொன்னேன். ஒரு வாரத்துக்கு வேலை கிடையாது."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் தனியாக இருந்தபோது அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "தெரியும். யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். ஒரு அடி இல்லை, ஒரு திட்டு இல்லை.

தீபாவளி சீசன் தொடங்குகிற நேரம், ஆர்டர் குவிந்துகிடந்தது. போர்மேன் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. அந்த ஒரு வாரத்துக்குள் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அப்பா திரும்பிப் போனபோது குடோனில் லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் அதைவிடப் பெருமைதான் அதிகம். எனக்காகப் பொய் சொல்லி வேலையை விட்டுக்கொடுத்த அப்பா வேறு யாருக்கு வாய்த்தார்? பள்ளிக்கூடத் தோழிகளிடம் சொன்னேன். கல்யாணம் ஆன புதிதில் கணவரிடமும் சொன்னேன், ஒன்றுக்கு இரண்டு முறை.

போன வருடம் ஆஸ்பத்திரிக்கு பிரஷர் பார்க்க வந்த ஒரு அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க புதுப்பட்டி போர்மேன் மகதான?" என்றார். அப்பாவின் கம்பெனியில் தரைச் சக்கரப் பட்டாசு சுற்றுகிற வேலை பார்த்தவராம்.

"ஒங்கப்பா மேல எனக்கு அம்புட்டுக் கோவம் இருந்துச்சும்மா. என் சின்னவன் ஒரு பொன்வண்டப் பிடிச்சு, காலித் தீப்பெட்டியில வச்சு என் பையில போட்டுருக்கான். வாசல்ல எடுத்துட்டாக. பச்சப்பிள்ள வச்சதுன்னு கால்ல விழாத குறையா அழுதேன். 'பிள்ளையா வேலைக்கு வருது? பையப் பாத்துக் கொண்டார வேண்டியது நீங்கதான்'னு ஒரு வாரம் நிப்பாட்டிட்டாக ஒங்கப்பா."

நான் அவர் கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டையைக் கழற்றாமல் நின்றேன்.

"அடுத்த மாசமே அவுக பையில கத்தி இருந்துச்சு. நான் ரெண்டு ஆள் பின்னாடி நிக்கேன். மேனேஜரே சொல்லுதாரு, 'வீட்டுல பிள்ளைக ஏதும் வச்சிருக்கும், நீங்க உள்ள போங்க'ன்னு. ஒங்கப்பா திரும்பி என்னியப் பாத்தாக. பாத்துட்டுத்தான் சொன்னாக, 'நான்தான் வச்சேன், எனக்கும் ஒரு வாரம்'னு."

பிரஷரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அவரை டாக்டரிடம் அனுப்பினேன். அதுவரைக்கும் அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.