நிறுக்கமுன் வெட்டிய மீன்

போன சனிக்கிழமை கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க்கடையின் மீன் பகுதியில் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அன்ரி விளைமீனின் செவுளைத் திறந்து திறந்து பார்த்து, கடைக்காரப் பொடியனை விசாரணை செய்துகொண்டிருந்தார். என் முறை வந்தது. மீனைக் காட்டினேன். "வெட்டித் தரவோ அண்ணை?" என்று அவன் கத்தியை எடுத்தான்.

"முதல் நிறும். பிறகு வெட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அன்ரி திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துப்போட்டுத்தான் அண்ணை எப்பவும் வெட்டுறனாங்கள்" என்றான் பொடியன். நான் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்வதாக நினைத்துவிட்டான். பாவம், அவனுக்கும் நான் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், உறைந்த ஏரி ஒன்றின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் நான் பிளாஸ்ரிக் வாளிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டாம் லைனில் வேலை. வார முடிவில், கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதுவேன். நிருபர் என்று என்னை நானே அழைத்துக்கொண்டேன். வேறு யாரும் அழைக்கவில்லை.

தொழிற்சாலையில் இரண்டு லைன்கள். முதலாம் லைன் காலை ஷிப்ட், நாங்கள் பின்னேர ஷிப்ட். குளிர் உச்சத்தில் இருக்கும் மாசி மாதத்தில், வடக்கே உள்ள ஏரியில் தொழிலாளர் மன்றம் ஒரு மீன்பிடிப் போட்டி வைக்கும். லைனுக்கு மூன்று பேர். பிடித்த மீனின் மொத்த நிறை எந்தப் பக்கம் கூடுகிறதோ, அந்த லைனுக்குக் கோடை முடியும்வரை காலை ஷிப்ட். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. நிர்வாகமும் அதைத் தடுக்கவில்லை. மற்ற லைனோ எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வென்றுகொண்டே இருந்தது. எங்கள் லைனில் முக்கால்வாசி தமிழ் ஆட்கள். ஏரிக்கு மேல் நடந்து போவதே பாவம் என்று நினைத்தவர்கள்.

அந்த வருடம் போகவேண்டும் என்று நின்றவர் சேவியர் அண்ணை. மன்னாரில் பேசாலைக்காரர். அவருடைய மனைவி மேரி அக்கா, பல வருடப் பிரிவுக்குப் பிறகு அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார். வந்த கையோடு ஒரு கோப்பிக் கடையில் விடியற்காலை வேலை. அவர் வேலை முடிந்து வரும், வட்டமாகச் சுற்றி ஓடும் பஸ்ஸில்தான் சேவியர் அண்ணை வேலைக்கு ஏறவேண்டும். அக்கா பின்கதவால் இறங்குவார், அண்ணை முன்கதவால் ஏறுவார். ஏறியவர் ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸின் பின்பக்கம் போய்க் கண்ணாடியால் கை காட்டுவார். அக்கா தரிப்பிடத்தில் நின்று காட்டுவார். நானும் அதே பஸ்தான். கண்ணாடியில் பனி படர்ந்த நாட்களில் அண்ணை முழங்கையால் ஒரு வட்டம் தேய்த்து அதற்குள்ளால் பார்ப்பார். இரவு அவர் வீடு வரும்போது அக்கா நித்திரை. விடிய அக்கா போகும்போது இவர் நித்திரை.

"அஞ்சு வருசம் கடிதத்திலை குடும்பம் நடத்தினம். இப்ப பஸ் கண்ணாடியிலை" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

இரண்டாவது ஆள் நான். மூன்றாவது ஆள் பாலா. யாழ்ப்பாண நகரத்துக்காரன், என் வயது. மீனைத் தட்டில் மட்டும் கண்டவன், ஆனால் அதைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கக்கூடியவன். அவனிடம் கார் இருந்ததால் குழுவில் சேர்த்தோம்.

அந்த ஏரியை நீங்கள் மாசியில் பார்த்திருக்கவேண்டும். கரை எது, ஏரி எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. அதன் மேல் கார்கள் ஓடின. சேவியர் அண்ணை கரையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "கடலிலை எத்தினை தரம் போய் வந்தனான். உதிலை கால் வைக்கத்தான் பயமாக் கிடக்கு." பாலா அவருக்கு முன்னால் துள்ளிக் குதித்துக் காட்டினான். வழுக்கி விழுந்து, விழுந்தபடியே "பாத்தியளோ, உடையேல்லை" என்றான்.

துறப்பணத்தால் பனியில் துளை போட்டோம். கால் நீளத்துக்கு இறங்கிய பிறகு தண்ணீர் குபுக்கென்று வந்தது. மூன்று துளை, மூன்று வாளி. வாளியைக் கவிழ்த்தால் கதிரை. தங்கூசி நூலின் நுனியில் இரைக்குச் சின்ன மீன் குத்தி இறக்கினோம். எதிரணி சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதன் தலைவர் றோன், தாடிக்காரர், முதலாம் லைனின் மூத்த ஆள். அவருடைய நாய் டியூக் பனியில் மூக்கை வைத்து உழுதுகொண்டு திரிந்தது. போட்டியை நடத்தியவர் எங்கள் மேற்பார்வையாளர் ஹெலன். அவர் ஒரு விசிலை ஊதினார்.

நான் குறிப்பெடுக்கப் பேனையை எடுத்தேன். மை உறைந்திருந்தது. நிருபர் வேலை அத்துடன் முடிந்தது.

நெடுநேரம் எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. றோனின் பக்கத்திலிருந்து அடிக்கடி கைதட்டல் கேட்டது. அவர்கள் இழுத்த ஒவ்வொரு மீனும் எங்கள் நெஞ்சில் விழுந்தது. சேவியர் அண்ணை நூலை விரலில் சுற்றியபடி துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலா பசிக்கிறது என்று மேரி அக்கா கட்டித் தந்த மட்டன் ரோல்ஸை எடுத்துக் கடித்தான். கை விறைத்ததில் உள்ளே இருந்த இறைச்சித் துண்டொன்று துளைக்குள் விழுந்தது. தண்ணீர் ஒருமுறை கலங்கியது.

மூவரும் பார்த்தோம்.

"இன்னொரு துண்டு போடு" என்றார் சேவியர் அண்ணை, மெதுவாக.

"அண்ணை, எனக்குப் பசி."

"தூண்டில்லை குத்தடா."

குத்தி இறக்கினோம். கீழே போய்ச் சேருவதற்குள் நூல் வெடுக்கென்று இழுபட்டது. பேர்ச் என்பார்கள், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன். வெளிக்குளிரில் அது கையில் சூடாக இருந்தது. அடுத்தது வந்தது. அதற்கு அடுத்தது. மிளகாய்த்தூளும் கறுவாவும் போட்டு வதக்கிய இறைச்சியை அந்த ஏரி மீன்கள் அதற்கு முன் கண்டிருக்காது. நூலை இறக்கிவிட்டு மூக்கைத் துடைக்க நேரமில்லை. நான் கையுறையைக் கழற்றி எறிந்தேன். சேவியர் அண்ணை இரண்டு துளைக்கு நடுவில் முழந்தாளில் நின்று இரண்டு கையாலும் இழுத்தார். "விடாதை, விடாதை, மெல்ல, ஓம், ஓம், அப்பிடித்தான்" என்று மீனுடன் கதைத்தாரா எங்களுடனா தெரியாது. பாலா மிச்ச ரோல்ஸை எல்லாம் பிரித்து இறைச்சியைத் தோண்டினான். "அக்காவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன், மீன் சாப்பிட்டதெண்டோ?"

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். சேவியர் அண்ணை வீட்டில் அடுக்குமாடிப் பராமரிப்பாளர் வந்து, மீன் வெட்டிய மணம் நடைபாதை முழுக்க வருகிறது என்று முறைப்பாடு சொல்லியிருந்தார். ஆகவே மேரி அக்கா காலையில் உத்தரவு போட்டிருந்தார். குடலோடு ஒரு மீனும் படி ஏறக்கூடாது. சினை மட்டும் பத்திரமாக வேண்டும், பொரிக்க. பேர்ச் அந்த மாதத்தில் வயிறு நிறையச் சினையோடு இருக்கும். பனியில் போட்ட மீனோ சற்று நேரத்தில் கல்லாகிவிடும். பிறகு கத்தி இறங்காது. சுடச்சுட வெட்டினால்தான் உண்டு.

பாலா அந்த வேலையை எடுத்துக்கொண்டான். நாங்கள் இழுத்து எறிய எறிய, வயிற்றைக் கீறி, குடலை வழித்து, சினையை ஒரு பையில் போட்டு, மீனைத் தண்ணீரில் அலசி அடுக்கினான். தட்டில் மட்டும் மீனைக் கண்டவன் அன்று செய்த வேலை எனக்கே ஆச்சரியம். குடலை என்ன செய்தான் என்கிறீர்களா? டியூக் அவன் பக்கத்தை விட்டு அசையவில்லை. "பாருங்கோ, கூட்டித் துடைக்கிற வேலையும் மிச்சம்" என்றான்.

றோன் ஒருமுறை நாயைத் தேடி வந்தார். எங்கள் குவியலைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். அவர்களுடைய வாளி எங்கள் குவியலுக்குக் கிட்டவும் வராது என்று அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. அவர் போனதும் சேவியர் அண்ணை முதல்தடவையாகச் சிரித்தார். "அவவோடை ஒண்டா பஸ்ஸிலை போவன்" என்றார்.

ஹெலன் விசில் ஊதினார். ஒரு முக்காலியில் தராசு தொங்கியது. முதலில் றோனின் மீன்கள். முள் போய் நின்ற இடத்தில் ஹெலன் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு எங்களுடையது. ஹெலன் ஒரு மீனைத் தூக்கினார். வயிற்றுக்குள் விரலை விட்டார். மற்றப் பக்கம் திருப்பினார்.

"இதற்குள் ஒன்றுமே இல்லையே" என்றார்.

"சுத்தம் செய்துதான் கொண்டுவந்தோம்" என்றான் பாலா, தன் நல்ல ஆங்கிலத்தில், பெருமையோடு.

காற்று பனித்தூளை இழுத்துக்கொண்டு போனது. வெட்டிய மீனை நிறுக்கக்கூடாது என்று விதியில் இல்லை. அந்தக் குளிரில், போட்டி நடுவில் உட்கார்ந்து கறிக்கு மீன் வெட்டும் ஒரு குழு வரும் என்று விதி எழுதியவர்கள் எண்ணியிருக்கவில்லை. மீனை ஏற்றினார்கள். முள் ஏறி, சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது.

சேவியர் அண்ணையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் மேலங்கிக்குள் கையை விட்டுச் சினைப் பையை எடுத்தார். உறையாமலிருக்க நெஞ்சோடு வைத்திருந்திருக்கிறார். "இதுகும் மீன்தானே" என்றார் தமிழில், ஹெலனிடம். ஹெலனுக்கு விளங்கியது. தலையசைத்தார். பையை மீனின் மேல் வைத்தார்கள். முள் நடுங்கி நடுங்கி ஏறியது. பாலா வாய்விட்டு "ஏறு, ஏறு" என்றான். கோட்டைத் தொட ஒரு மயிரிழை இருக்கும்போது நின்றுவிட்டது.

"மிச்சம் நாய்க்குள்ளை கிடக்கு. நாயைத் தூக்கி வையுங்கோ" என்றான் பாலா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஏரி முழுக்கச் சிரித்தது. டியூக் உதட்டை நக்கியது. சேவியர் அண்ணை மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு றோன் என்னிடம் வந்தார். உங்கள் ஆளுக்கு என்ன, ஒரு விளையாட்டுத்தானே என்றார். நான் பஸ்ஸின் முன்கதவையும் பின்கதவையும் சொன்னேன். கண்ணாடியில் தேய்த்த வட்டத்தையும் சொன்னேன். செய்தி எழுதுகிறவன் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. சேர்க்கவில்லை.

றோன் தாடியில் ஒட்டிய பனியை உடைத்தபடி யோசித்தார். பிறகு சேவியர் அண்ணையிடம் போனார். "உன் காலை ஷிப்டை என் நாய் தின்றுவிட்டது. என்னுடையதை எடுத்துக்கொள்" என்றார். ஹெலனைப் பார்த்து, "நான் பின்னேரத்துக்கு மாறுகிறேன். விடிய எழும்புவது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை" என்றார். அது பொய். ஏரியில் விடியுமுன் துளை போட்டவர் அவர்தான்.

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் நான் ஆவலோடு கேட்டேன். "ஒண்டாப் போனியளே? என்ன கதைச்சியள்?"

"கதைக்கிறதோ?" என்றார் சேவியர் அண்ணை. "ரெண்டு பேரும் நித்திரையாப் போனம். டிரைவர்தான் எழுப்பிவிட்டவன்."

றோன் அந்தக் கோடை முழுக்க எங்கள் லைனில் நின்றார். ரோல்ஸ் இல்லாத நாளில் பாலாவோடு கோபிப்பார். நான் போட்டியைப் பற்றி முழுப்பக்கம் எழுதினேன். ஆசிரியர் அதை வெட்டி, மரண அறிவித்தலுக்குக் கீழே நான்கு வரியாகப் போட்டார். அவரும் நிறுக்கமுன் வெட்டுகிறவர்தான்.

இன்று அந்தப் பத்திரிகை இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் உயரமான கட்டடங்கள், எங்கள் லைன் ஓடிய நிலம் இப்போது கார்கள் இறங்கும் சரிவு. பாலா மார்க்கம் நகரில் பெரிய வீட்டில் இருக்கிறான், மரக்கறி மட்டும்தான் சாப்பிடுகிறான். றோனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பஸ் தரிப்பிடத்தைச் சந்தியின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மீனோடு வீட்டுக்கு வந்து, பிக்கரிங்கில் மகளோடு இருக்கும் சேவியர் அண்ணைக்குப் போன் எடுத்தேன். கடையில் நடந்ததைச் சொல்லி, இந்த மாசியில் ஒருக்கால் ஏரிக்குப் போவமா என்றேன்.

"எங்கை போறது? இந்த முறை ஏரி சரியா உறையவே இல்லையாம். வெறுந் தண்ணியாம்" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"அதில்லை. இஞ்சை பக்கத்திலை மேரி நித்திரை. மெல்லக் கதை."